கொடுவாவுக்கும் விராலுக்கும் ஸ்விம் ஜிக்: எந்த ராடு, எந்த நரம்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணூர் முகத்துவாரத்திலும் மீஞ்சூர் பக்கத்துக் குளங்களிலும் லூர், அதாவது போலி இரை, போட்டு மீன் பிடிக்கிறவன் நான். தொழில் வேறு, இது ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். கும்மிடிப்பூண்டி ரயிலில் ராடோடு (தூண்டில் கம்பு) ஏறினால் அத்திப்பட்டு வருவதற்குள் நாலு பேராவது ஏதாவது கேட்டுவிடுவார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்விம் ஜிக் என்றால் என்ன? ஜிக் என்றாலே ஈயத்தலை போட்ட தூண்டில் முள்தானே?

அடிப்படை அதுதான். ஸ்விம் ஜிக்கில் மூன்று விஷயம் கூடுதல். தலை கூம்பு மாதிரி முன்பக்கம் குறுகியிருக்கும், நரம்பு (தூண்டில் கயிறு) கட்டும் கண் மூக்கு நுனியிலேயே இருக்கும். அதனால் கோரை, பாசிக்குள் இழுத்தாலும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வரும். முள்ளின் முன்னால் நார்க்கற்றை ஒன்று சாய்ந்து நின்று முள்ளை மறைக்கும். தலையைச் சுற்றி ரப்பர் குஞ்சம். பின்னால் ஒரு ரப்பர் மீனை நாமே கோத்துக்கொள்கிறோம்.

பெயரிலேயே இருக்கிறது, இது நீந்த வேண்டிய ஜிக். தரையில் போட்டுத் தட்டித் தட்டி எடுப்பது வேறு வகை. இதைப் போட்டவுடன் சுற்ற ஆரம்பித்து, மேல்மட்டத்திலோ நடுத் தண்ணீரிலோ ஒரே சீராகக் கொண்டுவர வேண்டும். அரை அடிக்கு ஒரு முறை ராடு நுனியை லேசாகச் சொடுக்கினால் குஞ்சம் விரிந்து சுருங்கும். மடவைக் குஞ்சு பயந்து ஓடுவது போலவே இருக்கும்.

ஸ்விம் ஜிக் வீடியோவில் அமெரிக்கர்கள் பிடிக்கிறார்களே, அந்த பாஸ் மீன் நம்ம ஊரில் இருக்கிறதா?

இல்லை. அது வட அமெரிக்காவின் நன்னீர் மீன். 10 கிலோ வந்தாலே உலக சாதனை. 1932-ல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது அந்த எடைதான். 2009-ல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிட்டா அதைச் சமன் செய்தார்.

நமக்கு அதற்குப் பதில் இரண்டு மீன் இருக்கின்றன. உவர்நீரில் கொடுவா, நன்னீரில் விரால். கொடுவாவின் ஆங்கிலப் பெயரிலும் 'பாஸ்' என்று வரும், ஆனால் அதற்கும் அமெரிக்க பாஸுக்கும் நெருங்கிய உறவில்லை. பதுங்கியிருந்து பாய்கிற குணம் மட்டும் ஒன்று. பாலத்தூண், கல், வேலிக்கம்பு, சம்புப் புதர் என்று எதையாவது ஒட்டி நின்றுகொண்டு, பக்கத்தில் வருவதை வாயைத் திறந்து உறிஞ்சிவிடும். ஸ்விம் ஜிக் இந்த இரண்டுக்கும் வேலை செய்வது அதனால்தான்.

ராடு முதலில் வாங்குவதா, நரம்பு முதலில் முடிவு செய்வதா?

எல்லோரும் ராடில் ஆரம்பிக்கிறார்கள். கடையில் கண்ணுக்கு முன்னால் வரிசையாக நிற்பது ராடுதானே. நான் சொல்வது தலைகீழ். முதலில் மீன் எங்கே போய் ஒளியும் என்று பாருங்கள். அந்த இடத்துக்கு ஏற்ற நரம்பை முடிவு செய்யுங்கள். அந்த நரம்பின் குறையை ஈடுகட்டுகிற ராடை வாங்குங்கள்.

காரணம் இதுதான். மீனுக்கும் கைக்கும் நடுவில் இழுபடுகிறவை இரண்டு, நரம்பும் ராடும். நரம்பு ரப்பர் மாதிரி நீண்டு கொடுத்தால் ராடு விறைப்பாக இருக்கலாம். நரம்பு துளியும் நீளாது என்றால் ராடாவது கொஞ்சம் வளைந்து கொடுத்தாக வேண்டும். இரண்டும் நீண்டு கொடுத்தால் முள் ஏறாது. இரண்டுமே விறைப்பு என்றால் முள் ஏறும், கூடவே மீனின் உதடும் கிழியும். தப்பித்த மீன்களில் பாதி இந்தக் கணக்கில்தான் தப்பியிருக்கும்.

எண்ணூர் பாலத்தூணில் ஒட்டியிருக்கிற சிப்பியும், குளத்து ஆகாயத்தாமரையும் ஒரே நரம்பைக் கேட்பதில்லை. ஒன்று அறுக்கும், இன்னொன்று சிக்கிக்கொண்டு இழுக்கும். சிப்பிக்குத் தடிமனும் வழவழப்பும் வேண்டும். ஆகாயத்தாமரைக்கு, செடியையே சேர்த்து இழுத்துவரும் பலம் வேண்டும்.

அமெரிக்கக்காரர்கள் சொல்லும் கணக்கு என்ன?

ஏழு அடியிலிருந்து ஏழரை அடி வரை ராடு, மீடியம் ஹெவி பலம், நுனி மட்டும் வளைகிற பாஸ்ட் ஆக்‌ஷன். ஜிக் கால் அவுன்ஸிலிருந்து அரை அவுன்ஸ், அதாவது 7 கிராமிலிருந்து 14 கிராம். செடி குறைவான தண்ணீரில் 15 முதல் 20 பவுண்டு (நரம்பு அறும் எடை) புளூரோகார்பன் நரம்பு. செடி அடர்ந்த இடத்தில் 40, 50 பவுண்டு பிரெய்டு, அதாவது பின்னிய நரம்பு.

விராலுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், ஒரு எழுத்து மாற்ற வேண்டாம். கொடுவாவுக்கு ராடின் நீளமும் பலமும் சரி, வளைவும் நரம்பும் வேறு. அங்கே தண்ணீர் உப்பு, தூணெல்லாம் கத்தி.

பிரெய்டு, மோனோ, புளூரோகார்பன்: எதில் என்ன லாபம், என்ன நஷ்டம்?

மோனோ என்றால் காசிமேட்டில் எல்லாக் கடையிலும் கிடைக்கிற அதே நைலான் நரம்பு, சிலர் தங்கூசி என்பார்கள். விலை குறைவு, முடிச்சு நன்றாக நிற்கும், நீண்டு கொடுக்கும். கல்லில் உரசினாலும் ஓரளவு தாங்கும். குறை என்னவென்றால் தண்ணீரைக் குடித்து ஊறும், வெயிலில் கெடும். 20 மீட்டர் தள்ளி மீன் ஜிக்கை வாயில் வைத்தால் கைக்குச் செய்தி வருவதற்குள் துப்பிவிட்டுப் போயிருக்கும். ஸ்விம் ஜிக்கின் முள் தடிமனானது, அதற்கு முன்னால் நார்க்கற்றை வேறு தடுக்கிறது. இழுவையில் பாதியை நரம்பே விழுங்கிவிட்டால் முள் ஏறுமா?

புளூரோகார்பன் பார்க்க மோனோ மாதிரிதான் இருக்கும், ஆனால் பொருள் வேறு. தண்ணீரைவிட ஒன்றே முக்கால் மடங்கு அடர்த்தி, அதனால் நன்றாக மூழ்கும். நைலான் மெதுவாக மூழ்கும், பிரெய்டு மிதக்கும். ஒளியைத் தண்ணீர் வளைக்கும் அளவுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வளைப்பதால் நீருக்குள் நைலானைவிடத் தெரிவது குறைவு. ஊறாது, மேல்தோல் கடினம். ஆனால் 15 பவுண்டுக்கு மேல் போனால் ஸ்பின்னிங் ரீலில் (ஸ்பூல் என்ற நரம்பு உருளை நிலையாக நிற்கும் வகை) அடங்காது. சுருள் சுருளாக எகிறி வெளியே வந்து நிற்கும். அமெரிக்கர்கள் முழு ரீலும் இதைச் சுற்றுவது அவர்கள் பெய்ட்காஸ்டிங் ரீல் (வீசும்போது ஸ்பூலே சுழலும் வகை) வைத்திருப்பதால்.

பிரெய்டு என்பது பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னியது. ஒரே பலத்துக்கு மோனோவில் பாதித் தடிமன்தான் வரும்: 30 பவுண்டு மோனோ அரை மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் மேலே, 30 பவுண்டு பிரெய்டு 0.28 மி.மீ. பக்கம். தூரம் போகும், நீளவே நீளாது. மீன் மூச்சு விட்டால் கூட விரலுக்குத் தெரியும் என்று சொல்வேன், கொஞ்சம் மிகை. சிப்பி, கல், கான்கிரீட் விளிம்பில் ஒரு உரசல் பட்டால் போதும், அறுந்துவிடும். பட்டம் விட்டவர்களுக்கு இது புரியும். எதிராளியின் நூல் தொட்டதும் கையில் பாரம் சட்டென்று இல்லாமல் போகுமே, அதே கதை.

என் முடிவு: ரீல் முழுக்க பிரெய்டு, நுனியில் லீடராக, அதாவது ஜிக்குக்கு முன்னால் கட்டும் துண்டு நரம்பாக, புளூரோகார்பன் அல்லது தடித்த மோனோ. ஆகாயத்தாமரைக்குள் விரால் தேடும் நாளில் மட்டும் லீடரைக் குட்டையாக்கிவிடுவேன், சில நாள் அதுவும் இல்லை.

பாலத்தடியில் மீன் மாட்டின உடனே அறுந்துபோகிறது. மட்டமான நரம்பா?

அறுந்த நுனியைப் பாருங்கள், அதுவே சொல்லிவிடும். நுனி பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. சுத்தமாக வெட்டியது போலிருந்தால் பல்லோ செவுளோ. விளக்குத் திரி மாதிரி பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தால் சிப்பி.

எனக்கு மூன்றாவது வகையில் ஒரு பாடம் கிடைத்தது. ஐப்பசி மழை விட்ட ஒரு காலை, நீர் வற்று. தூணின் நிழல் விழுகிற பக்கமாக 10 கிராம் ஜிக்கை விட்டு மெதுவாகச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் ராடு அப்படியே குனிந்தது. மீன் ஒரு முறை மேலே எகிறியது, வெள்ளி வயிற்றைப் பார்த்தேன், வாயைத் திறந்து தலையை உதறியது. அடுத்த கணம் நேராகத் தூணுக்கு. ஒரு முழம் லீடர்தான் கட்டியிருந்தேன், அதற்கு மேலே முழுக்க பிரெய்டு. தூணின் மறுபக்கம் போனதும் விரலில் கரகரவென்று ஒரு அதிர்வு, அரிவாள்மனையில் முருங்கைக்காய் தோலை உரிப்பது போல. அப்புறம் ஒன்றுமில்லை. நரம்பை எடுத்துப் பார்த்தால் ஒரு அங்குலத்துக்குத் திரி.

அங்கே பக்கத்தில் கைத்தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இன்னாபா, கம்பு அழகா கீது, கயிறு சரியில்லையே" என்றார். அன்று வீட்டுக்குப் போனதும் செய்த முதல் வேலை லீடரை நீட்டியதுதான்.

அப்படியானால் லீடர் எவ்வளவு நீளம், எவ்வளவு தடிமன்?

தூண், கல் இருக்கும் இடத்தில் ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல், 40 பவுண்டு. பெரிய மீன் வரும் இடமென்றால் 50, 60. பிரெய்டைவிட லீடரின் பவுண்டு அதிகமாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். லீடரை இழுவைக்காகப் போடுவதில்லை, தேய்மானத்துக்காகப் போடுகிறோம். கொடுவாவின் வாய் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, ஐந்து நிமிடம் உரசினாலே மெல்லிய நரம்பு நைந்துபோகும். செவுள் மூடியின் விளிம்பு பிளேடு. கையை அங்கே விட்டவர்கள் மறுபடி விடமாட்டார்கள்.

திறந்த மணல் ஓரத்தில், பழவேற்காட்டு ஏரியின் ஆழமில்லாத பக்கம் போல, 20 முதல் 30 பவுண்டில் ஒரு மீட்டர் போதும். சேற்றுத் தண்ணீரில் மீன் நரம்பைப் பார்த்து பயப்படும் என்ற கவலை தேவையில்லை.

ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், ஒவ்வொரு சிக்கலுக்குப் பிறகும், ஜிக்கிலிருந்து இரண்டு அடிக்கு லீடரை உதட்டுக்கு நடுவில் வைத்து உருவிப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு உதட்டுக்குத் தெரியும். தெரிந்தால் அங்கேயே வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். எண்ணூர்த் தண்ணீரில் மட்டும் முதலில் துடைத்துவிட்டு உதட்டில் வையுங்கள். அந்தத் தண்ணீரைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

என்ன முடிச்சு?

பிரெய்டையும் லீடரையும் சேர்க்க எப்ஜி முடிச்சு மெலிதானது, ராடின் வளையங்களில் தட்டாமல் போகும். கட்டப் பொறுமை வேண்டும். காற்றில் நின்றுகொண்டு அதைக் கட்ட வராதவர்கள் இரட்டை யூனி கட்டலாம், கொஞ்சம் தடிமன், ஆனால் நம்பலாம். ஜிக்கில் பலோமர் அல்லது யூனி. பிரெய்டை நேராக ஜிக்கில் கட்டும்போது சாதாரணக் கிளின்ச் முடிச்சு வழுக்கும், பலோமர்தான் சரி. எதைக் கட்டினாலும் இறுக்குவதற்கு முன் ஈரப்படுத்துங்கள். காய்ந்தபடி இழுத்தால் உரசல் சூட்டிலேயே நரம்பு கெட்டுவிடும்.

இன்னொன்று, பிரெய்டை வெறும் ஸ்பூலில் கட்டாதீர்கள், மொத்தமாக உள்ளேயே சுழலும். முதலில் பத்து சுற்று மோனோ, அதற்கு மேல் பிரெய்டு.

30 பவுண்டு பிரெய்டு என்றால் 13 கிலோ மீனைத் தூக்குமா?

அது அறும் எடை, தூக்கும் எடை இல்லை. முடிச்சில் கொஞ்சம் பலம் போகும், மீன் உதறும்போது ஒரு கணம் பாரம் ஏறும். அதனால் ரீலின் டிராகை (எவ்வளவு இழுத்தால் நரம்பை விடும் என்ற பிடி), நரம்பின் பலத்தில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வைப்பது வழக்கம். 30 பவுண்டு என்பது 13.6 கிலோ, அதில் நாலில் ஒரு பங்கு 3.4 கிலோ. கையால் இழுத்துப் பார்த்து "ம், சரியா இருக்கு" என்பதை நம்பாதீர்கள். பழைய பேப்பர்க்காரர் கையில் வைத்திருக்கிற கொக்கித் தராசு ஒன்று வாங்கி, நுனியில் மாட்டி, ராடை மீன் இழுக்கும் கோணத்தில் பிடித்து இழுங்கள். மூன்றரையில் நரம்பு வெளியே போக ஆரம்பித்தால் சரி. முதல் முறை செய்து பார்க்கிற எல்லோரும், மூன்றரை கிலோ இவ்வளவு கனமா என்று ஆச்சரியப்படுவார்கள்.

நம் பக்கத்துக்கு: குளத்தில் விராலுக்கு 40 பவுண்டு, செடி அதிகமென்றால் 50. முகத்துவாரத்தில் கொடுவாவுக்கு 30. திறந்த இடத்தில் 20 போதும், தூரமும் கிடைக்கும். ஜப்பான் டப்பாக்களில் பிஇ 1, 2, 3 என்று போட்டிருப்பது தடிமன் எண். 2 என்றால் 0.235 மி.மீ., 3 என்றால் 0.285 மி.மீ. பவுண்டு எண்ணைப் பெரிதாக்கி விற்கிறவர்கள் உண்டு, தடிமனைப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு.

ராடு மேல் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது?

கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் நான்கு விஷயம் இருக்கும்: நீளம், பலம், லூர் எடை, நரம்பு எடை. நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது லூர் எடை. 7–21 கிராம் அல்லது 7–28 கிராம் என்று போட்டிருந்தால் நம் ஜிக்குக்குச் சரி. ரப்பர் மீன் கோத்தால் எடை கூடும் என்பதை மறக்க வேண்டாம், 10 கிராம் ஜிக் பின்னால் வால் மாட்டியதும் 15-க்கு மேல் போய்விடும். எனவே வரம்பின் நடுவில் விழுகிற மாதிரி வாங்குங்கள்.

'மீடியம் ஹெவி' என்ற சொல்லுக்கு ஒரே அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் மீடியம் ஹெவி இன்னொன்றின் மீடியமாக இருக்கும். கிராம் எண்ணைத்தான் நான் நம்புவேன்.

பாஸ்ட் ஆக்‌ஷனா, மாடரேட்டா? எதுவும் புரியவில்லை.

ராடு எங்கிருந்து வளைய ஆரம்பிக்கிறது என்பதுதான் ஆக்‌ஷன். நுனிப் பகுதி மட்டும் வளைந்தால் பாஸ்ட், பாதி வரை வளைந்தால் மாடரேட். எவ்வளவு பாரத்துக்கு வளைகிறது என்பது பலம். இரண்டும் வேறு வேறு.

முன்னால் சொன்ன கணக்கை இங்கே கொண்டு வாருங்கள். செடிக்குள் விரால் பிடிக்கிறீர்கள், பிரெய்டு, லீடர் குட்டை. மாட்டியதும் இழுத்து வெளியே போட வேண்டும், இரண்டு விநாடி தாமதித்தால் தண்டுகளுக்குள் சுற்றிவிடும். விராலின் வாய் எலும்பு மாதிரி. பாஸ்ட், முதுகெலும்புள்ள ராடு. கொடுவா வாயைத் திறந்து எகிறுகிற மீன். பிரெய்டு நீளாது, ராடும் விறைப்பு என்றால், எகிறும்போது ஜிக் பறந்து உங்கள் முகத்துக்கே வரும். இங்கே பாஸ்ட்டுக்கும் மாடரேட்டுக்கும் நடுவில் ஒன்று. மீன் எகிறும்போது ராடு நுனியைத் தாழ்த்துங்கள், இழுவை கொஞ்சம் தளரட்டும்.

ஒரே ராடுதான் வாங்க முடியுமென்றால் ஏழடி, மீடியம் ஹெவி, நடுத்தர வளைவு. விராலை இழுக்க டிராகை இறுக்கிக்கொள்ளலாம். விறைத்த ராடை வளைய வைக்க வழியில்லை.

கடையில் சோதிக்க எளிய வழி ஒன்று: நுனி வளையத்தில் நரம்பு விட்டு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டுத் தூக்கிப் பாருங்கள். எங்கே வளைகிறது என்று கண்ணால் தெரியும். நுனியைக் கையால் பிடித்து வளைத்துக் காட்டுகிற கடைக்காரரிடம் வாங்க வேண்டாம். ராடுகள் உடைவதே அப்படித்தான்.

எட்டடி, ஒன்பதடி வாங்கினால் தூரம் போகுமே?

போகும். ஆனால் ஸ்விம் ஜிக் தூரத்து ஆட்டம் இல்லை, குறி ஆட்டம். தூணுக்கு ஒரு சாண் பக்கத்தில் விழ வேண்டும். பாலத்தடியில், கருவேலங்கிளைக்குக் கீழே ஒன்பதடியைச் சுழற்ற இடமேது? கடற்கரை அலைக்கு மேலே போட வேண்டுமானால் அது வேறு ராடு.

இரண்டு துண்டு ராடே நமக்கு வசதி. நான் பிளம்பர் கடையில் நாலடி பிவிசி குழாய் வெட்டி, இரண்டு பக்கமும் மூடி போட்டு, அதற்குள் வைத்து ரயிலில் கொண்டு போகிறேன். காலை நேரத்தில் மீன்கூடைகளுக்கும் ஆட்களுக்கும் நடுவில் நுனி தப்பிக்க வேறு வழியில்லை.

ஸ்பின்னிங்கா, பெய்ட்காஸ்டிங்கா?

பெய்ட்காஸ்டிங்கில் குறி நன்றாக வரும், தடித்த நரம்பு அடங்கும். கற்றுக்கொள்ளும் வரை ஸ்பூல் முந்திச் சுழன்று நரம்பு குருவிக்கூடு ஆகும். எண்ணூரில் பிற்பகல் கடல்காற்று எதிரே அடிக்கும்போது இன்னும் மோசம். முதல் ரீல் என்றால் ஸ்பின்னிங், 3000 அல்லது 4000 அளவு, வேகம் 6:1 பக்கம், அதாவது கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் ஆறு சுற்று. மெதுவான ரீலில், உங்களை நோக்கி ஓடிவரும் கொடுவாவோடு நரம்பைத் தளர விடாமல் சுற்ற முடியாது.

கையில் காசு குறைவு. எதில் சேமிக்கலாம், எதில் கூடாது?

ராடில் சேமியுங்கள். நரம்பிலும் முள்ளிலும் சேமிக்காதீர்கள். முழுக் கார்பன் வேண்டாம், கண்ணாடிநார் கலந்தது கொஞ்சம் கனம், ஆனால் பாறையில் விழுந்தாலும் தாங்கும்.

வளையங்களை மட்டும் பார்த்து வாங்குங்கள். மட்டமான வளையத்தை பிரெய்டு அறுத்துப் பள்ளம் போடும், அப்புறம் பள்ளம் பிரெய்டை அறுக்கும். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றி எடுங்கள். பஞ்சு இழை மாட்டினால் அங்கே கீறல். எனக்குப் புது ராடிலேயே ஒரு முறை மாட்டியது. கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, பஞ்சைக் காட்டிய பிறகு மாற்றிக் கொடுத்தார்.

காசிமேட்டு மீனவர்கள் கையாலேயே பிடிக்கிறார்களே, ராடெல்லாம் எதற்கு?

கைத்தூண்டில்காரரோடு போட்டி போட்டு நான் ஜெயித்ததே இல்லை. விரல்தான் அவர்களுக்கு ராடு, டிராக் எல்லாம். ஆனால் அவர்கள் போடுவது உயிர் இறால், அது தானே நீந்தும். ஈயத்தையும் ரப்பரையும் நீந்த வைக்க நமக்கு ஒரு நுனி தேவைப்படுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மின்கம்பிக்குக் கீழே ராடு வீசுவது அவ்வளவு ஆபத்தா?

ஆமாம். இந்தப் பதிலை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள். ராடில் இருக்கும் கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். வடசென்னை, எண்ணூர் பகுதி அனல்மின் நிலையங்களிலிருந்து வரும் உயரழுத்தக் கம்பிகள் கழிமுகத்துக்கு மேலேயே போகின்றன. ஏழடி ராடைத் தலைக்கு மேலே தூக்கி, ஈர நரம்போடு வீசுகிறீர்கள். உயரழுத்தத்தில் கம்பியைத் தொடவே வேண்டாம், நெருங்கினாலே தாவும். தாழ்ந்து தொங்கும் கம்பிக்குக் கீழே நின்று வீசாதீர்கள், கடக்கும்போது ராடைப் படுக்கவைத்துத் தூக்கிச் செல்லுங்கள். ரயில் பாதைக்கு மேலேயும் மின்கம்பி இருக்கிறது, பிளாட்பாரத்தில் ராடைப் பூட்டி நிமிர்த்திக்கொண்டு நிற்காதீர்கள். இடி இடித்தால் ராடைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்குங்கள்.

உப்புத் தண்ணீருக்குப் பிறகு என்ன பராமரிப்பு?

குழாயில் மெதுவாக ஊற்றிக் கழுவி, நிழலில் காயவையுங்கள். வேகமாக அடித்தால் உப்பு ரீலுக்குள்ளே போய்விடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகமெல்லாம் படிந்ததே, அதற்குப் பிறகு நான் வீசிய முதல் நாளில் வெள்ளைப் பிரெய்டு கருப்பாகத் திரும்பி வந்தது. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தும் போகவில்லை, தூக்கிப்போட்டேன். வலையெல்லாம் அப்படி ஆன மீனவர்கள் முன்னால் என் நூறு மீட்டர் நரம்பு ஒரு கணக்கே இல்லை.

எண்ணூர்த் தண்ணீர் மீனைச் சாப்பிடலாமா?

சாம்பலும் ஆலைக் கழிவும் கலக்கிற இடத்தில் பிடிப்பதை நான் வீட்டுக்குக் கொண்டு போவதில்லை. பழவேற்காட்டில் பிடித்தால் குழம்பு.

பெரிய கொடுவாவை எங்கே பிடித்தாலும் விட்டுவிடுவேன். கொடுவா ஆணாக வளர்ந்து, பல வருடம் கழித்துப் பெண்ணாக மாறுகிற மீன். ஆகவே பெரிய மீன்கள் பெரும்பாலும் முட்டையிடும் தாய்கள். 1997-ல் சென்னையின் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் கொடுவாவைப் பண்ணையில் இனப்பெருக்கம் செய்ய வைத்துவிட்டது. ஆசைக்குத் தின்னப் பண்ணை மீன் சந்தையிலேயே கிடைக்கிறது.

எங்கே போடக் கூடாது?

பழவேற்காட்டில் மீனவர்கள் 'பாடு' என்று முறை வைத்துத்தான் இடங்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள். யாருடைய முறை எங்கே என்பது நமக்குத் தெரியாது. வலைக்கம்பு நட்டிருக்கும் பக்கம் ஜிக் போடாதீர்கள், வலையில் முள் மாட்டினால் கிழிவது அவர்கள் சோறு. கரையில் இருப்பவரிடம் "அண்ணே, இங்க போடலாமா?" என்று கேட்டால் நல்ல இடமும் சேர்த்தே சொல்வார்கள். புழல் மாதிரி குடிநீர் ஏரிகளில் அனுமதி கேட்காமல் இறங்காதீர்கள். ஊர்க் குளம் குத்தகைக்கு விட்டதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குளத்தில் சிவப்பாகப் பொடிக் குஞ்சுக் கூட்டம் ஒன்று மேலே வந்து வந்து மூச்சு வாங்கினால், கீழே தாய் தகப்பன் விரால் காவல் நிற்கிறது. அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் பாயும், பசியில் இல்லை, கோபத்தில். அதைப் பிடித்தால் அந்தக் குஞ்சுகளைக் கெளுத்தியும் கொக்கும் ஒரே நாளில் முடித்துவிடும். பத்தடி தள்ளி வேறு புதரில் போடுங்கள்.

ஜிக் எந்த நிறம்?

கலங்கல் தண்ணீரில் கருப்பு, தெளிந்ததில் வெள்ளை. மீதி நிறங்கள் நம்மைப் பிடிப்பதற்கு.

அறுந்த நரம்பை என்ன செய்வது?

பாலத்தின் மேலே போட்டுவிட்டு வராதீர்கள். மாஞ்சா நூலால் பைக்கில் போனவர்கள் கழுத்து அறுபட்ட ஊர் இது, பிரெய்டு அதற்குச் சளைத்ததில்லை. காற்றில் பறந்து கைப்பிடிச் சுவரில் மாட்டி, சாலைக்குக் குறுக்கே நின்றால் கண்ணுக்கே தெரியாது. நான் சட்டைப் பையில் ஒரு பழைய மாத்திரை டப்பா வைத்திருக்கிறேன், வெட்டிய துண்டெல்லாம் அதற்குள். வீட்டுக்கு வந்து கத்தரியால் பொடியாக நறுக்கிக் குப்பையில் போடுவேன்.